'அலை' 'ஆலை'யாகக் கேட்டபோது: திருகோணமலையில் நான்கு பெண்கள் ஆக்கிய ஒரு சேர்ந்திசை பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 பெப்ரவரி முதல் 2024 மார்ச் வரை திருகோணமலையில் இரண்டு பெண் கவிஞர்களும் இரண்டு பெண் இசையமைப்பாளர்களும் சேர்ந்து 9 நிமிடச் சேர்ந்திசை ஒன்றை ஆக்கினார்கள். அதைப் பாடிய 19 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது நான். ஒத்திகைக் கொப்பியில் அன்றன்று எழுதிய குறிப்புகளிலிருந்து இதை எழுதுகிறேன். நால்வரும் வாசித்துச் சம்மதித்த பின்புதான் வெளியே தருகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டபடி அவற்றை விட்டிருக்கிறேன்.

பின்னணி

திருகோணமலைக்குப் பாட்டு புதிதல்ல. கோணேசர் மீது சம்பந்தர் பதிகம் பாடியது 7ஆம் நூற்றாண்டில். கோயில்களில் திருமுறை ஓதுகிறார்கள், தேவாலயங்களில் பாடகர் குழாம் இருக்கிறது, கரையில் நின்று கரைவலை இழுப்பவர்களுக்கு அம்பா என்ற தொழிற்பாட்டு இருக்கிறது. கல்யாண வீட்டில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் நாக்கை அசைத்துக் குரவை ஒலி போடுகிறார்கள். எல்லாம் ஒரே நகரத்தில், சில இடங்களில் ஒரே தெருவில். இருந்தும் ஒரு மேடையில் இவை சேர்ந்து நான் கண்டதில்லை.

இசையமைப்பாளர்களில் மூத்தவர் பாடசாலைச் சங்கீத ஆசிரியை, கர்நாடக முறையில் படித்தவர். மற்றவர் தேவாலயத்தில் பல வருடங்களாக ஓகன் வாசிப்பவர். அவருக்கு மூன்று நான்கு குரல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வேலை கைவந்தது. கவிஞர்களில் ஒருவர் மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை. குழுவில் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். மற்றவர் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் முஸ்லிம் கவிஞர், எங்களுக்குத் தங்கச்சி. முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "நான் மேடையில பாட மாட்டன். வாசிக்கச் சொன்னா வாசிப்பன்." அப்போது அதை ஒரு நிபந்தனை என்று மட்டும் குறித்துக்கொண்டேன். அதன் பெறுமதி கடைசியில்தான் விளங்கியது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்ததால்தான் இப்படி ஒரு குழு சாத்தியமானது. படகுப் பாதையை நம்பியிருந்த காலத்தில் பின்னேரம் 6 மணிக்கு ஒத்திகை முடித்து ஒரு பெண் வீடு போய்ச் சேர்வது லேசான காரியமல்ல. இப்போதும் கடைசி பஸ்ஸைப் பார்த்துத்தான் ஒத்திகை நேரத்தை வைத்தோம்.

முதல் நான்கு மாதங்கள்

எதைப் பாடுவது என்பதில் சிக்கல் வரவில்லை. கடலுக்குப் போனவர்களைக் கரையில் நின்று பார்த்திருக்கும் பெண்களைப் பாடுவோம் என்று இரண்டு கவிஞர்களும் தனித்தனியே சொன்னார்கள். நான்கு பகுதிகள்: விடியற்காலைக் கரை, தாலாட்டு, வராதவர்கள், திரும்பி வந்தவர்கள். முதலாவதையும் மூன்றாவதையும் அக்கா எழுதினார். இரண்டாவதையும் நான்காவதையும் தங்கச்சி எழுதினார்.

எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பதைப் பற்றித்தான் நாங்கள் போதுமான அளவு கதைக்கவில்லை. சங்கீத டீச்சர் அம்புஜம் கிருஷ்ணாவை (1917–1989) உதாரணம் காட்டினார். அவர் பாட்டுகளை எழுத, பெரிய வித்துவான்கள் மெட்டமைத்தார்கள். வரி ஒருவர், மெட்டு ஒருவர் என்பது நமக்குப் பழக்கமானதுதானே என்பது டீச்சரின் எண்ணம். ஓகன் வாசிப்பவர் வேறொன்றைச் சொன்னார். இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்ட பெண்களின் அணிவகுப்புப் பாட்டுக்கு 1910இல் இசையமைத்தவர் எதல் ஸ்மித். அந்த மெட்டுக்குச் சொல் பொருத்தியவர் சிசிலி ஹாமில்டன். ஆக, டீச்சர் சொன்னதில் சொல் முந்தியது, ஓகன் அக்கா சொன்னதில் மெட்டு முந்தியது. இரண்டிலும் ஒருவர் தன் வேலையை முடித்து மற்றவர் கையில் கொடுத்துவிடுகிறார். நாங்களும் அப்படியே செய்தோம். கவிஞர்கள் தாளில் எழுதிக் கொடுத்தார்கள், இசையமைப்பாளர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பின்னால் வந்த கரைச்சல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்திலிருந்தே வந்தன என்பது என் கணிப்பு.

நடைமுறைச் சிக்கல்கள் சிலவற்றை அப்போதே தீர்த்துக்கொண்டோம். கோயில் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஐந்துகோட்டு இசைக்குறி தெரியாது. தேவாலயப் பெண்களுக்குத் தாளக் கணக்கு தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ச, ரி, க, ப, த என்று தமிழில் எழுதி, அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு கட்டம் போட்டு ஃபோட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தோம். இரண்டு ஒத்திகையில் எல்லாருக்கும் பிடிபட்டது. தேவாலயப் பாடகர்கள் பலர் இன்றும் கைக்கொள்ளும் டொ-ரே-மி எழுத்துமுறைக்கு அடித்தளம் போட்டதும் ஒரு பெண்தான், இங்கிலாந்தின் நோரிச் நகரத்து சாரா குளோவர் (1785–1867). பின்னர் ஜோன் கர்வன் அதைத் திருத்திப் பரப்பியதால் கர்வன் பெயரே நிலைத்தது. இதைச் சொன்னபோது 19 பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

சுருதியை 5 கட்டையில் (மேற்கத்திய முறையில் G) வைத்தோம். கர்நாடகக் குரல்களுக்கு அது இயல்பு. தேவாலயத்துப் பெண்கள் அதற்கு மேல் பஞ்சமத்தைத் தாண்டியும் மெல்லிய குரலில் ஏறுவார்கள், மற்றவர்களுக்கு அங்கே மூச்சு முட்டும். ஆகவே மேல்குரலை அவர்களுக்கும், கீழ்க்குரலை மற்றவர்களுக்கும், நடுக்குரலை இரு பக்கத்தாருக்கும் கலந்து கொடுத்தோம்.

ஜூன் மாதச் சோதனை

2023 ஜூனில் கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு சனிக்கிழமை, உறவினர்கள், அயலவர்கள் என்று 40 பேர் முன்னால் முதல் இரண்டு பகுதிகளைப் பாடிப் பார்த்தோம். முடிந்ததும் வந்தவர்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: என்ன விளங்கியது?

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "குரல் எல்லாம் நல்லாயிருக்குது பிள்ளை. ஆனா ஆலை எங்க இருந்து வந்தது?"

பாட்டில் ஆலை இல்லை. 'அலை வந்து கேட்குது' என்பதுதான் வரி. மெட்டில் முதல் எழுத்தான 'அ' மூன்று அட்சரம் நின்றது. மூன்று அட்சரம் நின்றால் அது 'அ' அல்ல, 'ஆ'. சீனக்குடாவில் பெரிய மா ஆலை இருக்கும் ஊர் இது, 'ஆலை' என்றதும் சனத்துக்கு அதுதான் மனதில் வரும். மற்றவர்களும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். 'மலை' சிலருக்கு 'மாலை'யாகக் கேட்டிருந்தது. 'காத்து' என்ற சொல்லின் கடைசி 'து' இரண்டு அட்சரம் நின்றதால் 'காத்தூ' என்று ஒலித்தது, அதை யாரோ ஒரு பெயர் என்று எடுத்திருந்தார்கள். மூன்று குரல்களும் மூன்று வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் பாடிய இடத்தில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அக்கா பின்வரிசையில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த மடிப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

குறிலை நீட்டுவது நம் சங்கீதத்தில் நடக்காததல்ல. சங்கதி சங்கதியாகக் குறில்கள் நீண்டுகொண்டே போவதைக் கச்சேரிகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே கேட்பவருக்குப் பாட்டு முன்பே மனப்பாடம், காது தானே திருத்திக்கொள்ளும். தேவாலயத்திலும் அதே கதைதான். ஐரோப்பாவிலிருந்து வந்த மெட்டுகளுக்குள் தமிழ்ச் சொற்களை அடைத்துப் பாடிப் பல தலைமுறைக்குப் பழகிவிட்டது. நேற்று எழுதிய கவிதையை இன்று முதன்முதலாகக் கேட்பவருக்கு அந்த உதவி இல்லை. இரண்டு இசையமைப்பாளர்களும் தேர்ந்தவர்கள், இருவரும் தத்தம் மரபு அனுமதித்ததையே செய்தார்கள். அதனால்தான் பிழை எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு சொல் மாறியது

ஜூலையில் இன்னொன்று நடந்தது. முதல் பகுதியில் அக்கா எழுதிய வரி 'கரைவலை இழுத்த கை'. திருத்திய மெட்டோடு புதிய தாள் வந்தபோது அது 'கடலலை இழுத்த கை' என்று இருந்தது. ஓசை ஓடுகிறது, வெளியூர்க்காரருக்கும் விளங்கும் என்று நினைத்து இசையமைப்பாளர் மாற்றியிருந்தார். அதில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே அக்கா எழும்பி நின்றார். "கரைவலையை ஆக்கள் இழுப்பினம். கடலலையை ஆர் இழுக்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அதே கிழமை நிகழ்ச்சிக்கான நோட்டீசின் மாதிரி வந்தது. இசையமைப்பாளர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன. கீழே மூலையில் 'வரிகள்' என்று போட்டுக் கவிஞர்களின் பெயர்கள், கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத அளவில். அதற்குப் பொறுப்பு நான். மாதிரி என் கையால் போனது, நான் கவனித்துப் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் முதலாம் கிழமை அக்கா தன் இரண்டு கவிதைகளையும் திருப்பிக் கேட்டார். தங்கச்சி ஒத்திகைக்கு வருவதை நிறுத்தினார். 5 கிழமை வேலை நின்றது.

முடிவுகளும் காரணங்களும்

முதலில் செய்தது, சங்கீத டீச்சரும் ஓகன் அக்காவும் நானும் மூதூருக்குப் போனது. கூப்பிட்டு வரவழைப்பது சரியில்லை என்று மூவருக்கும் பட்டது. அக்கா முற்றத்தில் கருவாடு காயப் போட்டிருந்தார், காகத்தை விரட்டிக்கொண்டே கதைத்தார். மன்னிப்புக் கேட்டோம். பிறகு டீச்சர், "அக்கா, அந்தப் பாட்டை ஒருக்கா நீங்களே வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார். ஆறு மாதத்தில் அதை அக்காவின் வாயால் நாங்கள் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

'அலை' என்று அவர் வாசித்தபோது 'அ' தொட்டதும் விட்டது. 'லை'யில்தான் குரல் நின்றது. 'வந்து' என்பதில் ஒற்றில் ஒரு சின்ன நிறுத்தம், 'து' காதில் விழுந்தும் விழாமலும் போனது. டீச்சர் கொப்பியை எடுத்துக் கோடு போடத் தொடங்கினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கும் குற்றியலுகரத்துக்கும் அரை என்று பாடசாலையில் நாங்களே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற கணக்கு அந்த வாசிப்பில் உயிரோடு இருந்தது. சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் இலக்கணப்படி குறுகும்தான். ஆனால் அதை நீட்டினாலும் வேறு சொல்லாகாது, 'அலை' அலையாகவே இருக்கும். நின்று பாட வேண்டிய இடம் 'லை'தான் என்று அங்கேயே முடிவாயிற்று.

அதிலிருந்து வேலை செய்யும் முறையையே மாற்றினோம். மெட்டுப் போடுவதற்கு முன் கவிஞர் இரண்டு தரம் வாசிப்பார், அது போனில் பதிவாகும். இசையமைப்பாளர் அந்தப் பதிவிலிருந்து மெட்டெடுப்பார். தாள் ஞாபகத்துக்கு மட்டும். இந்தக் கண்ணோடு பழைய மெட்டைத் திரும்பப் பார்த்தபோது குறில் தேவையில்லாமல் நீண்ட இடங்கள் 31 அகப்பட்டன. 26ஐ மாற்றினோம். மிச்சம் ஐந்தைக் கவிஞர்களே கேட்டு, சொல் கெடவில்லை என்று விடச் சொன்னார்கள்.

குரல்களை அடுக்கும் விதத்திலும் ஒரு ஒழுங்கு வந்தது. சொல் முக்கியமான இடத்தில் மூன்று குரலும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் பாடும், சுரம் மட்டும் வேறுபடும். குரல்கள் பிரிந்து ஓட வேண்டிய இடத்தில் ஒரு குரலிடம்தான் சொல் இருக்கும், மற்ற இரண்டும் வாய் மூடி 'ம்' என்று நிற்கும். ஓகன் அக்காவுக்கு இது பெரிய இழப்பு. அவர் அழகாகப் பின்னியிருந்த ஒரு பகுதி முழுதாகவே போய்விட்டது. அவர் ஒத்துக்கொண்டதைச் சும்மா கடந்து போக முடியாது. அந்தத் தாளை அவர் கிழிக்கவில்லை, வேறொரு பாட்டுக்கு வைத்திருக்கிறேன் என்றார்.

இராக விடயத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். தாலாட்டுக்கு டீச்சர் நீலாம்பரி கேட்டார். அந்த இராகத்தின் உயிர் அசைவில் இருக்கிறது. மூன்று குரலும் ஒரே நேரத்தில் அசைந்தால் சுரம் சுரமாகப் பொருந்தாமல் கலங்கிப்போகும். ஆகவே தாலாட்டை ஒரு குரல் மட்டும் நீலாம்பரியில் கமகத்தோடு, அதாவது சுரங்களை அசைத்து, பாடியது, மற்றவர்கள் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அசையாமல் பிடித்தார்கள். எல்லாரும் சேர்ந்து பாடும் முதல் பகுதி மோகனத்தில். மோகனத்தின் ஐந்து சுரங்களில் எந்த இரண்டும் அரைச்சுர இடைவெளியில் பக்கத்துப் பக்கமாக நிற்பதில்லை, எதை எதோடு சேர்த்தாலும் உரசாது. அம்பாவில் போல் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறைக்கும் அது இலகுவாக இடம் கொடுத்தது.

பெயர் விடயத்தை எழுத்தில் வைத்தோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் உரிமை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 வருடங்களுக்கும் உண்டு. தன் பெயர் ஆக்கத்தோடு வரவேண்டும் என்று கேட்கவும், ஆக்கத்தைச் சிதைப்பதை மறுக்கவும் அவருக்கு உரித்து இருக்கிறது. ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையொப்பமிட்டார்கள்: நான்கு பெயர்களும் ஒரே அளவில், அகரவரிசையில் வரும். கவிஞரைக் கேட்காமல் ஒரு எழுத்தும் மாறாது. இசையமைப்பாளரைக் கேட்காமல் கவிஞரும் மெட்டு முடிந்த வரியைத் திருத்த மாட்டார். கடைசி நிபந்தனையைக் கேட்டது தங்கச்சி.

குரவை

நான்காம் பகுதி குரவையோடு முடிகிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் முதலில் ஒரு சுரம் போட்டு, எட்டு அட்சரம் என்று குறித்தோம். நான் கை காட்டினேன். 19 பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தினார்கள். பாடசாலை மணி அடித்து ஓய்ந்த மாதிரி இருந்தது.

குழுவில் 60 வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார், அவர் கூச்சத்தோடு சொன்னார்: "மிஸ், இது கை காட்டிப் போடுறதில்லை. ஒராள் தொடங்குவா, மற்றாக்கள் தாங்கேலாமச் சேருவினம்." அவரையே தொடங்கச் சொன்னேன். நாக்கு உதட்டுக்குள் அங்குமிங்கும் ஓட, முதலில் மெல்லிசாக ஒரு நூல் போல் வந்தது. பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார், பிறகு பின்வரிசை. வாழ்க்கையில் குரவை போட்டே அறியாத தேவாலயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் முயன்று, மூச்சு விட்டு, திரும்ப முயன்றார்கள். தாளிலிருந்து சுரத்தை அழித்தோம். 'ஒருவர் தொடங்குக' என்று மட்டும் எழுதினோம்.

இன்னொரு சிக்கலைத் தங்கச்சி எடுத்தார். மூன்றாம் பகுதி வராதவர்களைப் பற்றியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை இழந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அது முடிந்து கொஞ்ச நேரத்திலேயே குரவை வருகிறது. "எங்கட ஊரில மவுத்தான வீட்டில குரவை போடுறதில்லை, டீச்சர். கேக்கிற உம்மாமாருக்கு நெஞ்சு நோகும்." அவர் சொன்னது சரி. நான்காம் பகுதியின் தொடக்கத்தை அவரே வேறாக எழுதினார். திரும்பி வந்த ஒரு படகைத் தூரத்தில் காண்பதாக, எட்டு வரி. அதற்கு முன் 20 செக்கன் மௌனம் வைத்தோம்.

நிகழ்ச்சியும் பின்னரும்

டிசம்பரில் நடத்தத்தான் முதலில் நாள் பார்த்தோம். மண்டபத்துக்குத் தகரக் கூரை. மாரி மழை விழுந்தால் 19 பேர் அல்ல, 100 பேர் பாடினாலும் கேட்காது. 20 செக்கன் மௌனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024 மார்ச்சுக்குத் தள்ளினோம்.

வந்தவர்கள் ஏறத்தாழ 180 பேர். ஒவ்வொரு பகுதியையும் பாடுவதற்கு முன் அதன் கவிஞர் மேடைக்கு வந்து வாசித்தார். முதல் நாளில் தங்கச்சி சொன்ன நிபந்தனையிலிருந்து வந்த யோசனை இது. அவர் பாட வேண்டியதில்லை, வாசிக்கலாம். வாசித்தால் சனம் சொல்லை முன்பே கேட்டிருக்கும், பிறகு குரல்கள் அதன்மேல் விரியலாம். அவருடைய உம்மாவும் ராத்தாவும் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். நிகழ்ச்சியின் பின் ஜூனில் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டோம். ஆலையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 'கரைவலை இழுத்த கை' என்ற வரியை ஒரு மீனவர் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

எல்லாம் சரியாக வந்தது என்று எழுத மாட்டேன். மூன்றாம் பகுதியின் கீழ்க்குரல் மண்டபத்தின் பின்பக்கம் எட்டவே இல்லை. 5 கட்டைக்குக் கீழே போன இடங்களில் குரல் காற்றாகிவிட்டது. ஓகஸ்டில் விலகிய இரண்டு பாடகிகள் திரும்பி வரவில்லை, அவர்களுடைய இடத்துக்கு வேறு இருவரைப் பழக்க வேண்டியிருந்தது. மௌனத்தின் நடுவில் ஒரு போன் அடித்தது.

அடுத்த முறை செய்வதும் விடுவதும்

முதல் ஒத்திகையிலேயே கவிஞர்களை வாசிக்க வைப்போம், ஆறு மாதம் கழித்தல்ல. ஒப்பந்தப் பக்கத்தை மெட்டு தொடங்க முன் எழுதுவோம். வெளியார் முன்னிலையில் பாடிப் பார்ப்பதை ஒரு தடவையோடு நிறுத்தாமல் இரண்டாவது மாதத்திலும் ஐந்தாவது மாதத்திலும் வைப்போம். வருகிறவர்களில் பாதிப் பேராவது சங்கீதம் படிக்காதவர்களாக இருக்க வேண்டும், 'ஆலை'யைப் பிடித்தது அப்படிப்பட்ட ஒரு காதுதான். சுருதியை அரைக் கட்டை ஏற்றிப் பார்க்க டீச்சர் விரும்புகிறார், ஓகன் அக்கா கீழ்க்குரலை மேலே எழுதுகிறேன் என்கிறார். அது இன்னும் முடிவாகவில்லை.

கவிஞர்களுக்கு மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து போகும் பஸ் காசையாவது முதல் நாளிலிருந்து கொடுத்திருக்க வேண்டும். 13 மாதம் அவர்கள் கைக்காசில்தான் வந்தார்கள், நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நிகழ்ச்சியில் சேர்ந்த நன்கொடையிலிருந்து அதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். அக்கா வாங்க மறுத்தார். பிறகு அந்தக் காசில் கொப்பி வாங்கிப் பாடகிகளுக்குக் கொடுத்தார்.

தங்கச்சி புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார், உப்பளத்தில் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றி. போன கிழமை இரண்டு தரம் வாசித்தார், டீச்சரின் போனில் பதிவாகியிருக்கிறது. 'உப்பு' என்ற சொல் 14 தரம் வருகிறது, ஒவ்வொன்றும் குற்றியலுகரத்தில் முடிகிறது. மெட்டு இன்னும் தொடங்கவில்லை.